தோசைக்கல் அளவுக்கு மேல் காய்ந்தால் தண்ணீர் ஏன் மெதுவாகத் தீர்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா ஒட்டுக்கடை வைத்திருக்கிறாராம். காலையில் தோசைக்கும் ரொட்டி சானாய்க்கும் கல்லைக் காயவைத்து, விரலால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். கல் மிதமாகக் காய்ந்திருந்தால் தண்ணீர் சொய்யென்று சத்தம் போட்டு ஒரு நொடியில் போய்விடும். அடுப்பைக் கவனிக்காமல் விட்டுக் கல் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டால், அதே தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, சத்தமே இல்லாமல் கல் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். தீர வெகுநேரம் ஆகும். தலைகீழாக இருக்கிறதே என்பது முதல் கேள்வி. செம்பனை ஆலையில் வேலை செய்யும் மாமா, "சிவந்த இரும்பைத் தண்ணீர் தொடாது, பாய்லரிலும் அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னாராம். அது சரியா என்பது இரண்டாவது. தீமிதியில் ஈரக்காலோடு இறங்குகிறவர்களுக்குச் சுடாமல் இருப்பதும் இதனால்தானா என்பது மூன்றாவது.

பார்க்க மூன்று கேள்வி. அடியில் இருப்பது இரண்டுதான். இரும்பின் சூடு ஏற ஏற, அதிலிருந்து தண்ணீருக்குப் போகும் வெப்பமும் ஏறத்தானே வேண்டும், ஏன் ஓரிடத்தில் விழுகிறது? அப்படி விழுவதை நம்பிக் கையையோ காலையோ இரும்பையோ ஒப்படைக்கலாமா? முதலாவதுக்குத் தெளிவான பதில் உண்டு. இரண்டாவதற்கும் உண்டு, ஆனால் மாமாவுக்குப் பிடிக்காது. நான் ஹிலிர் பேராக் பக்கத்து ஆலைகளில் பாய்லரோடு பல வருடம் இருந்தவன். பாய்லர்மேன் சான்றிதழில் ஆரம்பித்து ஸ்டீம் இன்ஜினியர் வரை வந்தேன். பல்கலைக்கழக இயற்பியல்காரன் அல்ல. கொதிப்பு எங்கள் பிழைப்பு என்பதால் அதைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கல்லிலிருந்தே தொடங்குவோம். கல் 100 டிகிரிக்குக் கீழே இருந்தால் துளி பரவி உட்கார்ந்து, மெல்ல உலரும். 100-ஐத் தாண்டியதும் துளியின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பும், சத்தம் வரும். இன்னும் ஏற்றினால், 150 டிகிரியைச் சுற்றி, துளி சிதறிப் பொரிந்து கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். தண்ணீர் மிக வேகமாகத் தீர்வது இந்தக் கட்டத்தில்தான். அதற்கு மேல், சுத்தமான வழவழப்பான உலோகத்தில் ஏறக்குறைய 200 டிகிரியைத் தொடும்போது, விஷயம் மாறிவிடுகிறது. துளி கல்லைத் தொட்ட அந்தக் கணத்திலேயே அதன் அடிப்பக்கம் ஆவியாகி, அந்த ஆவி வெளியே தப்பிப்பதற்குள் இன்னும் ஆவி உண்டாகி, துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு படலமாக நின்றுவிடுகிறது. துளி இப்போது கல்லின் மேல் இல்லை, தன்னுடைய ஆவியின் மேல் இருக்கிறது. இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு பக்கம் விளக்கை வைத்து, கண்ணைக் கல்லின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால், துளிக்கு அடியில் வெளிச்சம் கீற்றாகத் தெரியும். தட்டையான கல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் படலம் ஏன் இவ்வளவு பெரிய தடை? இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். தண்ணீரோடு ஒப்பிட்டால் நீராவி வெப்பத்தைக் கடத்தும் திறன் ஏறக்குறைய 25-இல் ஒரு பங்குதான். அடுத்து, ஒரு கிராம் தண்ணீரை நம் ஊர்க் குழாய்த் தண்ணீரின் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 290 ஜூல் போதும். 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி ஆவியாக மாற்ற 2,257 ஜூல் வேண்டும். அதாவது துளியைச் சூடாக்குவது சின்ன வேலை, ஆவியாக்குவதுதான் பெரிய வேலை. அந்தப் பெரிய வேலைக்கான வெப்பம் முழுவதும், கடத்தவே விரும்பாத ஒரு படலத்தின் வழியாக வர வேண்டியிருக்கிறது. கல்லின் சூடு 150-இலிருந்து 250 ஆக ஏறியதால் கிடைத்த லாபத்தை, இந்தப் படலம் பல மடங்காகப் பிடுங்கிக்கொள்கிறது. தட்டு 200 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும்போது ஒரு சின்னத் துளி ஒரு நிமிடத்துக்கு மேலும் தாக்குப்பிடிப்பதை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள்.

படலம் கலையாமல் எப்படி நிற்கிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். அது நிற்பதே இல்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. அடியில் உண்டாகும் ஆவி ஓரங்கள் வழியாக வெளியேறுகிறது, துளி புது ஆவியைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் 1,600 பங்குக்கு மேல் இடம் பிடிக்கும். ஆகவே கடுகளவு தண்ணீர் செலவானாலே படலத்துக்குத் தாராளம். துளி கொஞ்சம் கீழே இறங்கினால் இடைவெளி குறைந்து வெப்பம் கூடுதலாக வரும், ஆவி அதிகமாகும், துளி மறுபடி மேலே போகும். தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஓடுகிற அந்த முத்து கொதித்துக்கொண்டிருக்கவில்லை. அதன் உள்ளே சூடு 100-க்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். குமிழ் இல்லை, அதனால்தான் சத்தமும் இல்லை. ஒரு கரண்டித் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் கதை வேறு. அடியில் சேரும் ஆவிக்கு ஓரம் ரொம்பத் தூரமாகிவிடும், அது நடுவில் பொத்துக்கொண்டு மேலே வரும்.

துளி ஏன் அங்குமிங்கும் ஓடுகிறது என்பதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். உராய்வே இல்லாததுபோல் மிதக்கிறது; கல்லில் தலைமுடி அளவு சரிவு இருந்தாலும் போய்விடும். ஆனால் 2018-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: சரிவே இல்லாத தட்டிலும் சின்னத் துளி தானாகப் புறப்படும். அதன் உள்ளே இருக்கும் தண்ணீர் சக்கரம்போல ஒரே பக்கமாகச் சுழல ஆரம்பித்து, அடியிலுள்ள ஆவியை ஒருபுறமாகத் தள்ளி நகர்கிறது. அதற்கும் முன்னால், 2006-இல், ரம்பப் பல் போல வரி வெட்டிய சூடான உலோகத்தில் துளிகள் ஒரே திசையில் ஓடுவதையும், மேட்டில் ஏறுவதையும்கூட வேறொரு குழு பதிவு செய்திருந்தது.

இதை முதலில் பார்த்தவர் யார் என்றால், சமையல் செய்த எல்லோரும்தான். எழுதி வைத்தவர்களில் டச்சு மருத்துவர் போர்ஹாவே 1732-இலேயே இருக்கிறார். பெயர் போனதோ ஜெர்மனியின் டூய்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த யோஹான் காட்லோப் லைடன்ஃப்ரோஸ்ட்டுக்கு. அவரும் மருத்துவர்தான். 1756-இல் சாதாரணத் தண்ணீரின் சில குணங்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் ஒரு துளி விட்டு, அது எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஊசலை ஆடவிட்டு எண்ணினார். முதல் துளி அரை நிமிடத்துக்கு மேல் இருந்தது. கரண்டி ஆற ஆற, அடுத்தடுத்த துளிகள் வேகமாகத் தீர்ந்தன. உங்கள் அம்மாவின் கல்லில் நடப்பது அதேதான். இன்று இதை லைடன்ஃப்ரோஸ்ட் விளைவு என்றே சொல்கிறார்கள்.

என்னைப் போன்றவர்களுக்கு அவரைவிட முக்கியமானவர் ஜப்பானின் ஷிரோ நுக்கியாமா. 1934-இல், தண்ணீருக்குள் மெல்லிய கம்பியை வைத்து மின்சாரம் பாய்ச்சி, கம்பியின் சூடு எவ்வளவு, தண்ணீருக்குப் போகும் வெப்பம் எவ்வளவு என்று கோடு வரைந்தார். பாய்லர் படிக்கிற யாரும் அந்தக் கோட்டைத் தாண்டிப் போக முடியாது. இரும்பின் மேற்பரப்பு தண்ணீரின் கொதிநிலையைவிட ஐந்து பத்து டிகிரி அதிகமாகும்போது குமிழ்கள் கிளம்பும். வெப்பம் போகும் வேகம் கிடுகிடுவென்று ஏறும். 30 டிகிரி அளவு அதிகமாகும்போது உச்சம். சாதாரண அழுத்தத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய பத்து லட்சம் வாட். அதற்கு மேல் சூடாக்கினால் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பரப்பை மூடத் தொடங்கும், வெப்பம் விழும். கொதிநிலைக்கு 120 டிகிரி மேலே, அதாவது 220 டிகிரியை ஒட்டி, அடிமட்டம். அங்கே உச்சத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான் போகும். பிறகு மறுபடி ஏறும், கதிர்வீச்சும் கூடச் சேர்ந்துகொள்வதால். தோசைக்கல்லில் துளி ஓடுவது இந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கல்லில் நாம் சூட்டை ஓர் அளவில் நிறுத்தி வைத்துத் துளியைப் பார்க்கிறோம். கம்பியிலோ, பாய்லர் குழாயிலோ, உள்ளே வந்துகொண்டிருக்கும் வெப்பத்தை நிறுத்த முடியாது. உச்சத்தைத் தாண்டிவிட்டால் தண்ணீர் அந்த வெப்பத்தை வாங்க மறுக்கும். வெப்பம் போக வழியில்லாமல் உலோகத்திலேயே தங்கி, அதன் சூடு நொடியில் நூற்றுக்கணக்கான டிகிரி தாவும். நுக்கியாமாவின் நிக்ரோம் கம்பி அப்படித்தான் உருகிப் போனது. உருகுநிலை அதிகமான பிளாட்டினத்தை வைத்துத்தான் கோட்டின் மறுபக்கத்தைப் பார்த்தார்.

இப்போது மாமாவுக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. அளவுக்கு மேல் காய்ந்த இரும்பைத் தண்ணீர் தொடாது, சரி. ஆனால் "பயப்பட ஒன்றுமில்லை" என்பது தலைகீழ். அந்தப் படலம் தண்ணீருக்குத்தான் காவல். இரும்புக்கு அது எமன். நம் ஆலைப் பாய்லரில் செம்பனை நாரும் கொட்டை ஓடும் எரிகிறது, உலைக்குள் வாயு ஆயிரம் டிகிரியை ஒட்டி இருக்கும். குழாய்க்குள் 20 பார் அழுத்தத்தில் தண்ணீர் 215 டிகிரி அளவில் கொதிக்கிறது. இவ்வளவு தீக்கு நடுவில் குழாயின் எஃகு பிழைத்திருப்பது உள்ளே கொதிக்கும் தண்ணீர் அதன் சுவரை நனைத்துக்கொண்டே இருப்பதால். குமிழ் விட்டுக் கொதிக்கிறவரை எஃகின் சூடு தண்ணீரின் சூட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருக்கும். நனைவது நின்றால் அது தீயின் சூட்டை நோக்கிப் போகும். சாதாரண பாய்லர் எஃகு 450 டிகிரியைத் தாண்டினாலே பலம் இழக்க ஆரம்பிக்கும்; உள்ளே அழுத்தம் இருப்பதால் குழாய் உப்பி, கிழியும்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் செம்பனை ஆலைகளில் குழாய் போவதற்கு வழக்கமான காரணம் இந்த ஆவிப்படலம் இல்லை. தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்காததால் படியும் சுண்ணப் படிவு ஒன்று, தண்ணீர் மட்டம் இறங்கிப்போவது இன்னொன்று. படிவும் வெப்பத்தைத் தடுக்கும்தான், ஆனால் அது கல், ஆவி அல்ல. அமிலம் போட்டுக் கழுவினால்தான் போகும். ஆவிப்படலத்துக்காகவே கணக்குப் போட்டு எல்லை வைப்பவர்கள் அதிக அழுத்தத்தில் ஓடும் மின்நிலையப் பாய்லர்காரர்களும், அணு உலைக்காரர்களும். எரிபொருள் கோல்கள் அந்த உச்சத்தை நெருங்கவே கூடாது என்பது அணு உலை வடிவமைப்பின் அடிப்படை விதிகளில் ஒன்று.

தண்ணீர் மட்டம் இறங்கியதற்கு நாங்கள் புதுப் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு, மாமாவும் படித்திருப்பார். பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கண்ணாடியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், எரிபொருளை நிறுத்து, காற்றை நிறுத்து, தண்ணீரைத் திறக்காதே. தகடோ குழாயோ காய்ந்திருக்கும்போது தண்ணீரை விட்டால் முதலில் ஆவிப்படலம் தடுக்கும், ஒன்றும் நடக்காததுபோல் தெரியும். இரும்பு கொஞ்சம் ஆறியதும் படலம் கிழிந்து, தண்ணீர் மொத்தமாகத் தொட்டு, கோட்டின் உச்சத்துக்குப் போய்விடும். அப்போது திடீரென்று ஆவி பெருகுவதும், ஏற்கெனவே பலவீனமான தகடு குளிர்ந்து சுருங்குவதும் சேர்ந்து வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸைச் சேர்ந்த பூத்தின்யி என்பவர், பாய்லர்கள் வெடிப்பதற்குக் காரணமே இந்த மிதக்கும் தண்ணீர்தான் என்று வாதாடினார். எல்லா வெடிப்புக்கும் அதைக் காரணமாக்குவதை ஏற்க முடியாது. தேய்ந்த தகடு, வேலை செய்யாத சேஃப்டி வால்வு, காய்ந்து இளகிய எஃகு இவையே பல விபத்துகளுக்குப் போதும். ஆனால் மேலே சொன்ன விதி இரண்டு விளக்கத்துக்கும் பொருந்தும், அதனால் அதில் விவாதம் வேண்டாம்.

கொல்லர்கள் இந்தப் படலத்தை எதிரியாகவே பார்க்கிறார்கள். குலை வெட்டும் அரிவாளோ பாராங் கத்தியோ செய்யும்போது, 800 டிகிரி அளவில் காய்ந்த எஃகைத் தண்ணீரில் முக்குவார்கள். கடினமாக வேண்டும் என்றால் வேகமாக ஆற வேண்டும். முக்கிய உடனே என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எஃகைச் சுற்றி ஆவி போர்த்திக்கொள்ளும், ஆறுவது மெதுவாகத்தான் இருக்கும். பிறகு படலம் உடைந்து ஆவேசமாகக் கொதிக்கும். அப்போதுதான் உண்மையாக ஆறுகிறது. கடைசியில் கொதிப்பு நின்று மெல்லக் குளிரும். படலம் ஒரு பக்கம் முன்னால் உடைந்து, இன்னொரு பக்கம் பின்னால் உடைந்தால் அரிவாள் கோணும், சில நேரம் விரிசல் விடும். அதனால்தான் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீரில் உப்புப் போடுவதும் அதற்காகவே: எஃகின் மேல் உப்புப் படிகங்கள் தெறித்துப் படலத்தைக் கலைத்துவிடும், எஃகு வெறும் தண்ணீரில் ஆறுவதைவிட வேகமாகவும் ஒரே சீராகவும் ஆறும். லைடன்ஃப்ரோஸ்ட்டையும் நுக்கியாமாவையும் கேள்விப்படாதவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் இது. நல்ல வைத்தியம்.

தீமிதிக்கு வருவோம். இதில் நான் கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் விரதம் இருந்து காப்புக் கட்டி இறங்குகிறவர்களுக்கு அது என்ன என்பது என் விஷயமல்ல. தம்பி கேட்டது தோலும் தணலும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது. அதற்கு மட்டும் சொல்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது: மரக்கரித் தணல் மிகச் சூடாக இருந்தாலும் வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம், அதன் மேல் படியும் சாம்பல் இன்னும் மோசம். ஒவ்வொரு அடியும் அரை நொடிகூட நிற்பதில்லை, மொத்தமே சில அடிகள். 180 டிகிரியில் இருக்கும் ஓவன் அடுப்புக்குள் கையை விட்டால் காற்று கையைச் சுடுவதில்லை, அதே 180 டிகிரியில் இருக்கும் தட்டைத் தொட்டால் கொப்புளம் போடும். சூடு ஒன்றுதான், கொடுக்கும் வேகம் வேறு. தணலுக்குப் பதிலாக அதே சூட்டில் இரும்புத் தகட்டைப் பரப்பினால் யாரும் நடக்க முடியாது.

சந்தேகத்துக்குரியது: ஈரக்கால் ஆவிப்படலம் உண்டாக்கிக் காக்கிறதா? அமெரிக்க இயற்பியலாளர் ஜெர்ல் வாக்கர், வகுப்பில் தானே தணலில் நடந்து காட்டியவர், அதற்கும் பங்கு உண்டு என்று எழுதியிருக்கிறார். பெரும்பாலான இயற்பியலாளர்கள் கரியின் மந்தமான கடத்தலையே முதல் காரணமாகச் சொல்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம். ஏன் என்றால் ஒரு கணக்கு. ஓடுகிற துளி தன் அடியிலுள்ள ஆவியை அழுத்தும் அழுத்தம், துளியின் உயரம் நாலைந்து மில்லிமீட்டர் என்று வைத்தால், ஏறக்குறைய 45 பாஸ்கல். அறுபது கிலோ ஆள் ஒரே காலில் நிற்கும்போது பாதத்தின் அடியில் நாற்பதாயிரம் பாஸ்கல் அளவு வரும். ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. துளியைத் தாங்கும் படலம் ஆளைத் தாங்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை, அதுவும் கரடுமுரடான தணலில். பாதத்தின் ஈரம் ஆவியாகும்போது கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். அது படலம் அல்ல, வேறு விஷயம். ஈரக்காலில் தணல் துண்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. நடப்பவர்களில் சிலருக்குக் கொப்புளம் போடத்தான் செய்கிறது, அதை மறைப்பதில் புண்ணியமில்லை. ஆகவே மூன்றாவது கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் இல்லை.

இதை எல்லாம் படித்துவிட்டு ஈர விரலை எதிலாவது விட்டுப் பார்க்கத் தோன்றும், வயசு அப்படி. உருகிய ஈயத்தில் ஈர விரலை முக்கி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், மேலே சொன்ன வாக்கரே செய்திருக்கிறார். திரவ நைட்ரஜனைக் கையில் ஊற்றிக் காட்டுவதும் அதே தத்துவம், அங்கே நம் கைதான் காய்ந்த கல்: மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவம் நம் தோலின் சூட்டில் மிதந்து உருண்டு போய்விடும். மோதிரத்துக்கு அடியில் தங்கினாலோ, சட்டைத் துணியில் ஊறினாலோ, உள்ளங்கையில் குழித்துப் பிடித்தாலோ படலம் உதவாது, தோல் உறைந்துவிடும். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறிப்பதை இதோடு சேர்க்கவே கூடாது. அங்கே தண்ணீர் கனம் என்பதால் எண்ணெய்க்கு அடியில் போய், அங்கிருந்து ஆவியாகி, எண்ணெயை மேலே வாரி அடிக்கும். இரும்பு, அலுமினியம் உருக்கும் பட்டறைகளில் ஈரமான பழைய இரும்பை உலைக்குள் போடத் தடை இருப்பதும் நம் விஷயம்தான்: உருகிய உலோகத்துக்குள் மாட்டிய தண்ணீரைச் சுற்றியுள்ள படலம் ஏதோ ஓர் அதிர்ச்சியில் நொறுங்கினால், எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஆவியாகி வெடிக்கும். படலம் எப்போது உடையும் என்பது நம் கையில் இல்லை.

அம்மாவின் கல்லுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் பயன்படப்போவது அதுதான். தண்ணீர் முத்தாக ஓடினால் கல் தோசைக்கு அதிகம். மாவை ஊற்றித் தேய்த்தால் கரண்டியோடு சுருண்டு வரும், உங்கள் அம்மாவுக்குத் தெரியாததல்ல. இதற்கு ஆவிதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். மாவிலுள்ள மாச்சத்து தொட்டவுடன் வெந்து இறுகுவதும் காரணம். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம், என் ஊகம் மாச்சத்தின் பக்கம். துளி ஓடத் தொடங்கும் சூடு எல்லாக் கல்லுக்கும் ஒன்றல்ல. 193 டிகிரி என்று ஒரு எண் இணையத்தில் சுற்றுகிறது, அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். கரடுமுரடான வார்ப்பிரும்பில் அது மேலே போகும், எண்ணெய் பழகிய பரப்பில் மாறும், எவ்வளவு உயரத்திலிருந்து தெளிக்கிறோம் என்பதும் சேரும். சொய்யென்ற சத்தத்தோடு துளி பொரிந்து தீர்கிற கட்டம்தான் தோசைக்கு நம்பகமான அடையாளம்.

காய்ந்த கல்லை ஆற்றத் தண்ணீர் தெளிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடுகிற முத்துகள் கல்லை ஆற்றுவதே இல்லை என்று சொல்லலாம். உருண்டு விளிம்பைத் தாண்டிக் கீழே போய்விடும். ரொட்டிக் கடைக்காரர்கள் தண்ணீரை ஊற்றி ஈர்க்குமாற்றால் பரபரவென்று தேய்க்கிறார்களே, அதில் அழுக்குப் போவதோடு இன்னொன்றும் நடக்கிறது: ஈர்க்கு தண்ணீரைக் கல்லோடு அழுத்துகிறது, படலம் உடைகிறது, கல் வேகமாக ஆறுகிறது. வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கல்லில் தேய்ப்பதிலும் அதே அழுத்தம் இருக்கிறது. ஈரத்துணியும் வேலை செய்யும், ஆனால் கையால் பிடித்து அழுத்த வேண்டாம். துணிக்குள் உண்டாகும் ஆவி விரலைத்தான் முதலில் தேடும். கோலில் கட்டிக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டுவதும் கூடாது, வார்ப்பிரும்புக் கல் விரிசல் விடும்.

தொழில் உலகம் இப்போது இந்தப் படலத்தை இரண்டு பக்கமும் வளைக்கப் பார்க்கிறது. 2012-இல் தண்ணீரை முற்றிலும் விரட்டும் பூச்சுப் பூசிய எஃகு உருண்டைகளைக் காயவைத்துத் தண்ணீரில் போட்டார்கள். ஆறி முடிகிறவரை படலம் உடையவே இல்லை, ஆவேசக் கொதிப்பு வரவே இல்லை. 2022-இல் ஹாங்காங் குழுவினர் நேர்மாறாகச் செய்தார்கள். சின்னச் சின்ன உலோகத் தூண்களுக்கு நடுவே வெப்பம் கடத்தாத மெல்லிய நார்ப்படலத்தைப் பதித்து, ஆவி தப்பிக்க அடியில் கால்வாய் விட்டு, 1,150 டிகிரி வரை தண்ணீர் பரப்பைத் தொட்டு ஆற்றும்படி செய்துவிட்டார்கள். விமான இன்ஜினுக்கும் உலைகளுக்கும் இது வந்தால் பெரிய விஷயம். ஆலைப் பாய்லருக்கு வர எனக்கு ஆயுள் போதாது என்று நினைக்கிறேன்.

கடைசியாக, துப்பாக்கி மாதிரி நீட்டிச் சூடு பார்க்கும் கருவியை வாங்கலாமா என்று தம்பி ஒரு வரி சேர்த்திருந்தார். வாங்கலாம், பாசாரில் விலை குறைவாகவே கிடைக்கிறது. எண்ணெய் பழகிக் கறுத்த தோசைக்கல்லில் அது சொல்லும் எண்ணை நம்பலாம். பளபளவென்று தேய்த்த ரொட்டித் தகட்டில் உண்மையான சூட்டைவிடக் குறைத்துக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் கதிர்வீச்சை அவ்வளவாக வெளியே விடாது. அந்தத் தகட்டில் ஒரு மூலையை எண்ணெய் கருகிக் கறுக்கும்படி விட்டுவிட்டு, அங்கே மட்டும் அளந்து பாருங்கள்.